பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் அதிகமானால் ஊரில் வேலை குறையுமா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 3

உயர்நிலைப் பள்ளியை முடிக்காமல் நின்றுவிடும் பிள்ளைகள் அதிகம் உள்ள ஊருக்கு நல்ல கம்பெனிகள் வருவதில்லை. கம்பெனி வராததால் ஊர் ஏழையாகவே கிடக்கிறது. அப்படியானால் எல்லோரையும் எப்படியாவது பள்ளியை முடிக்க வைத்துவிட்டால் வேலை தானாக வந்துவிடும்தானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 3, இரவு

யோசிக்க நிறைய இருக்கிறது. நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. மறுபாதியில் எது காரணம், எது விளைவு என்பது இடம் மாறிக் கிடக்கிறது.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் 2023 கணக்குப்படி, முழுநேர வேலையில் இருக்கும் 25 வயதுக்கு மேற்பட்டவர்களை வரிசையாக நிறுத்தினால், உயர்நிலைப் பள்ளியை (அங்கே அது பன்னிரண்டாம் வகுப்பு வரை) முடிக்காதவர்களில் நடுவில் நிற்பவரின் வாரச் சம்பளம் 708 டாலர். முடித்தவர்களில் நடுவில் நிற்பவருக்கு 899 டாலர். வேலையின்மை முடிக்காதவர்களிடம் 5.6 சதவீதம், முடித்தவர்களிடம் 3.9, இளங்கலைப் பட்டம் பெற்றவர்களிடம் 2.2. வருடத்துக்கு வருடம் எண்கள் ஏறி இறங்கினாலும் இந்த வரிசை மாறுவதில்லை.

நான் பல வருடம் ஒரு இயந்திரப் பட்டறையில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தேன். விண்ணப்பங்கள் கட்டுக் கட்டாக வரும். எல்லாவற்றையும் உட்கார்ந்து படிக்க யாருக்கும் நேரம் இருக்காது. ‘கல்வித் தகுதி’ என்ற கட்டத்தை மட்டும் பார்த்து இரண்டு அடுக்காகப் பிரிப்பார்கள். பள்ளியை முடிக்காதவர்களின் அடுக்கு அலமாரிக்குப் போய்விடும். ஆள் தட்டுப்பாடு வந்தால்தான் அதைத் தொடுவார்கள். அந்த அடுக்கில் இருப்பவருக்கு வேலை தெரியுமா தெரியாதா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

பிப்ரவரி 4, காலை

மேலே சொன்ன 5.6, 3.9 பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வேலையின்மை விகிதத்தில் வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் மட்டும்தான் வருவார்கள். தேடிச் சலித்துப்போய் விட்டுவிட்டவர், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்ட பெண், சிறையில் இருப்பவர், யாரும் அதில் இல்லை. பள்ளியை முடிக்காதவர்களில் இப்படிக் கணக்குக்கு வெளியே நிற்பவர்கள் அதிகம். ஆக, உண்மையான இடைவெளி அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது.

பிப்ரவரி 5

இப்போது மறுபாதி. வேலை இல்லாத ஊரில்தான் பிள்ளைகள் படிப்பை விடுவார்கள் என்று நினைக்கிறோம். வேலை கிடைக்கிற ஊரிலும் விடுகிறார்கள். அதுவும் படிப்பே கேட்காத வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் வேகமாக விடுகிறார்கள்.

மெக்சிகோவில் 1986 முதல் 2000 வரை ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெருகின. அந்தக் காலத்தை ஊர் ஊராக ஆராய்ந்த பொருளியலாளர் டேவிட் அட்கின் 2016-ல் வெளியிட்ட முடிவு இது: புதிதாக 25 வேலைகள் வந்தால், பன்னிரண்டாம் வகுப்பு வரை போயிருக்க வேண்டிய ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் கென்டக்கி, பென்சில்வேனியா நிலக்கரிப் பகுதிகளிலும் இதே கதைதான். 1970-களில் நிலக்கரிக்குக் கிராக்கி ஏறியபோது உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை இறங்கியது. 1980-களில் சுரங்கத் தொழில் படுத்தபோது சேர்க்கை ஏறியது.

ஸ்பெயினைப் பாருங்கள். 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களில், மேல்நிலைக் கல்வியை முடிக்காமலும் வேறு எந்தப் படிப்பிலும் பயிற்சியிலும் சேராமலும் இருந்தவர்கள் 2008-ல் கிட்டத்தட்ட 32 சதவீதம். வீடு கட்டும் தொழில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. பதினாறு வயதுப் பையன் சித்தாளாகப் போனால் மாதக் கடைசியில் கையில் பணம்; வகுப்பில் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்று அவன் கேட்டான். அதற்கப்புறம் கட்டுமானம் சரிந்தது. 2012, 2013-ல் அங்கே இளைஞர் வேலையின்மை 50 சதவீதத்தைத் தாண்டியது. அந்தப் பையன்களுக்கு அப்போது இருபது வயது, கையில் சான்றிதழும் இல்லை, கட்டிடமும் இல்லை. அடுத்து வந்த பிள்ளைகள் பள்ளியிலேயே தங்கினார்கள். 2023-ல் அந்த 32 சதவீதம் 14-க்கும் கீழே வந்துவிட்டது.

நம் பக்கத்துக் கிராமங்களும் இதற்கு விலக்கில்லை. மனிஷா ஷா, பிரைஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இந்தியக் கிராமப்புறத்தைப் பற்றியது. மழை பொய்த்த ஆண்டுகளில் பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காக வருகிறார்கள், கணக்கில் கூடுதல் மதிப்பெண்ணும் எடுக்கிறார்கள். நல்ல மழை பெய்தால் வயலில் கூலி ஏறுகிறது, வகுப்பறை காலியாகிறது. நல்ல காலம் என்று நாம் கொண்டாடுகிற நேரத்தில்தான் படிப்பு நிற்கிறது என்பதை ஜீரணிக்க எனக்கு நாளானது.

அதனால் ஓர் ஊரின் இடைநிற்றல் விகிதத்தைப் பார்த்து ‘பிள்ளைகள் சோம்பேறிகள், பெற்றோருக்கு அக்கறையில்லை’ என்று பேசுவதை நான் ஏற்பதில்லை. அந்த ஊரில் பதினாறு வயதில் என்ன வேலை கிடைக்கிறது, முப்பது வயதில் அதே வேலை என்ன ஆகிறது, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 5, இரவு

“அப்படியானால் தொழிற்சாலையே வரக்கூடாது என்கிறீர்களா?” என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார்.

வரட்டும், நிறைய வரட்டும். என்ன கேட்டு வருகிறது என்பதுதான் விஷயம். வங்கதேசத்தில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அருகில் இருந்த கிராமங்களை ரேச்சல் ஹீத், முஷ்ஃபிக் மொபாரக் இருவரும் ஆராய்ந்து 2015-ல் எழுதினார்கள். அங்கே சிறுமிகள் பள்ளியில் கூடுதல் காலம் தங்கினார்கள். எண்ணும் எழுத்தும் தெரிந்த பெண்ணுக்கு அந்த வேலையில் மதிப்பு இருந்தது. கூடவே வீட்டு வருமானமும் கூடியது. மெக்சிகோவிலும் தொழிற்சாலைதான், வங்கதேசத்திலும் தொழிற்சாலைதான். வாசலில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பிள்ளைகளும் பெற்றோரும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், அதற்கு ஏற்றபடி முடிவெடுக்கிறார்கள்.

பிப்ரவரி 7

கோட்பாடாகவே பேசிக்கொண்டிருந்தால் போதாது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பட்டறையில் ஒருவர் இருந்தார். ஒன்பதாவதோடு நின்றவர். இரும்பைச் சுழற்றிச் சீவும் பழைய லேத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. டூல் தேய ஆரம்பிப்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். சீவி விழும் இரும்புச் சுருள் நீலம் பாய்ந்தால் வேகத்தைக் குறைப்பார். டிப்ளமோ முடித்து வந்த பையன்கள் சந்தேகம் என்றால் அவரிடம்தான் போய் நிற்பார்கள், “அண்ணே, கொஞ்சம் பாருங்க” என்று.

அப்புறம் கணினி சொல்கிறபடி ஓடும் சிஎன்சி இயந்திரங்கள் வந்தன. அங்கே டூல் தேய்ந்தால் காதுக்கு வேலையில்லை. முடித்த தண்டை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். ட்ராயிங்கில் சொன்ன விட்டத்தைவிட 0.05 மில்லிமீட்டர் அதிகமாக வந்திருந்தால், இயந்திரத் திரையில் ஆஃப்செட் என்ற அளவு திருத்தும் பக்கத்தைத் திறந்து மைனஸ் 0.05 என்று திருத்தம் போட வேண்டும். புள்ளி ஓரிடம் தள்ளி 0.5 ஆகிவிட்டால் தண்டு கழிவுக்குப் போகும். மைனஸுக்குப் பதில் பிளஸ் விழுந்தால் அடுத்த தண்டு இன்னும் பருத்து வரும். அளப்பதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. திரையின் முன்னால் மட்டும் கை நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருக்கிற சின்னப் பையனைக் கூப்பிட்டு, “தம்பி, இது சரியான்னு ஒரு தடவை பாரு” என்பார். அவ்வளவு பெரிய வேலைக்காரர் அப்படிக் கூப்பிடும்போது அந்தப் பையனுக்கே சங்கடமாக இருக்கும்.

அவரோடு சேர்ந்த இன்னொருவர் பள்ளியை முடித்திருந்தார். கைத்திறனில் இவர் பக்கத்தில் வர முடியாது. ஆனால் அவர் இயந்திரத்தை வேலைக்குத் தயார்செய்து கொடுக்கும் செட்டர் ஆனார், பிறகு ஷிப்ட் சூப்பர்வைசர் ஆனார். சூப்பர்வைசர் வேலையில் பாதி எழுத்து வேலை: ஷிப்ட் பதிவேடு, ஒதுக்கிய உருப்படிகளின் கணக்கு, எதனால் ஒதுக்கினோம் என்ற குறிப்பு, மறுநாள் எந்த இயந்திரத்தில் எது ஓடும் என்ற திட்டம். முதலாமவர் ஆபரேட்டராகவே இருந்தார். சம்பள வித்தியாசம் முதலில் சிறியதாக இருந்தது, வருடம் போகப் போக அகன்றுகொண்டே போனது. ஆர்டர் குறைந்து ஆட்களைக் குறைத்தபோது பட்டியல் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெளியே போனதும் அவருக்குக் கிடைத்த அடிதான் பெரிது. அவருடைய திறமைக்கு அந்தப் பட்டறைக்கு வெளியே சாட்சி கிடையாது. போன இடத்தில் எல்லாம் விண்ணப்பத்தின் அந்தக் கட்டத்தைத்தான் பார்த்தார்கள். பள்ளியை முடிக்காதவருக்குக் குறைந்த சம்பளம் என்று மட்டும் சொன்னால் இது புலப்படாது. நல்ல வேலையில் இருந்தாலும் அவர் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறார். அந்தக் கட்டு அறுந்தால் மறுபடியும் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிப்ரவரி 7, பிற்பகல்

ஒருவர் தனியாகக் கேட்டார்: அவருக்கு அந்த ஆஃப்செட் கணக்கு கடைசி வரை வரவில்லையா?

வந்தது. பட்டறையில் இருந்தபோதே ஒரு சக தொழிலாளி ஷிப்ட் முடிந்ததும் அவரோடு உட்கார்ந்து, வெள்ளைத்தாளில் எண்கோடு வரைந்து, பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று சொல்லிக்கொடுத்தார். சில வாரங்களில் பிடித்துக்கொண்டார். அதற்குள் செட்டர் இடங்கள் நிரம்பிவிட்டன. பள்ளியில் யாராவது பொறுமையாக உட்கார்ந்திருந்தால் பதினான்கு வயதிலேயே வந்திருக்கக்கூடிய கணக்கு அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

பிப்ரவரி 8

“சான்றிதழ் என்பது வெறும் காகிதம்தானே, அறிவு இருந்தால் போதாதா?” இந்தக் கேள்வியைப் பொருளியலாளர்கள் அரை நூற்றாண்டாக அலசுகிறார்கள்.

மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் ஒரு கருத்தை முன்வைத்தார், அதற்காகப் பின்னால் 2001-ல் நோபல் பரிசும் பகிர்ந்துகொண்டார். வேலை கொடுப்பவருக்கு ஆளின் திறமை வெளியே தெரியாது. சான்றிதழ் அதற்கு ஓர் அடையாளமாகிறது. படிப்பு திறமையைக் கூட்டாவிட்டாலும் அந்த அடையாளத்துக்குச் சம்பளம் கிடைக்கும் என்பது அவர் வாதம். நான் சொன்ன இரண்டு அடுக்குகள் அப்படியே அவர் சொன்னதுதான்.

ஆனால் டெக்சாஸில் நடந்த ஓர் ஆய்வு வேறு மாதிரி முடிந்தது. அங்கே பள்ளி இறுதித் தேர்வில் கடைசி வாய்ப்பில் மயிரிழையில் தேறியவர்களையும், மயிரிழையில் தவறியவர்களையும் டேமன் கிளார்க், பாக்கோ மார்டொரெல் ஒப்பிட்டார்கள். இரு தரப்பும் அதே வருடங்கள் பள்ளியில் இருந்தவர்கள், ஏறக்குறைய அதே மதிப்பெண். ஒரு தரப்புக்குச் சான்றிதழ் உண்டு, மற்றதுக்கு இல்லை. பிற்கால வருமானத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இன்னொரு பக்கம், பள்ளிக்குப் போகாமலே எழுதக்கூடிய ஜிஇடி தேர்வு அமெரிக்காவில் 1942-ல் படைவீரர்களுக்காகத் தொடங்கியது. அதில் தேறியவர்களின் அறிவுச் சோதனை மதிப்பெண்கள், பள்ளியை முடித்து அதோடு நின்றவர்களின் மதிப்பெண்களுக்குச் சமமாக இருப்பதை ஜேம்ஸ் ஹெக்மன் காட்டினார். அதே சமயம் அவர்களுடைய சம்பளம் இடைநின்றவர்களின் சம்பளத்தை ஒட்டியே இருந்தது. நேரத்துக்கு வருவது, சலிப்பான வேலையையும் முடித்துவிட்டு எழுவது போன்ற பழக்கங்களை அந்தத் தேர்வு அளப்பதில்லை, சந்தை அளக்கிறது என்பது அவர் விளக்கம்.

இந்த விளக்கம் பெரும்பாலோருக்குப் பொருந்தலாம். அப்பா படுக்கையில் விழுந்ததால் பதினைந்து வயதில் மூட்டை தூக்கப் போன பிள்ளைக்குப் பொருந்தாது. அவனிடம் இல்லாத விடாமுயற்சியா? சராசரியை எடுத்துத் தனி ஒருவர் தலையில் வைப்பதுதான் ஆள் எடுக்கும் இடங்களில் தினமும் நடக்கிறது.

பிப்ரவரி 9

தனி ஆளை விட்டு ஊருக்கு வருகிறேன். கேள்வியே அதுதான்.

அமெரிக்க நகரங்களை வைத்து என்ரிகோ மொரெட்டி 2004-ல் செய்த கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நகரத்தில் பட்டதாரிகளின் பங்கு நூற்றுக்கு ஒன்று கூடினால், பள்ளியை முடிக்காதவர்களின் கூலி 1.9 சதவீதம் ஏறுகிறது. பள்ளியை மட்டும் முடித்தவர்களுக்கு 1.6. பட்டதாரிகளுக்கு 0.4 மட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்தால் அதிகம் லாபம் அடைவது படிக்காத நாம்தான். படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒரே தொழிலில் ஒருவருக்கொருவர் தேவைப்படுகிறார்கள். புதிய இயந்திரத்தை வாங்கும் முதலாளி அதை ஓட்டவும் பழுதுபார்க்கவும் ஊரில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறார்.

லான்ஸ் லாக்னரும் மொரெட்டியும் அதே 2004-ல் குற்றங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆண்களில் உயர்நிலைப் பள்ளியை முடிப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர் கூடினால், குற்றங்களால் ஆகும் செலவில் அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 140 கோடி டாலர் வரை மிச்சமாகும் என்றார்கள். சிறைச் செலவும் பாதிக்கப்பட்டவர்களின் இழப்பும் இதில் அடக்கம். பள்ளிக்குச் செலவு செய்யும்போது இந்த மிச்சத்தை யாரும் வரவில் எழுதுவதில்லை.

இதன் மறுபக்கம் மெதுவாக நடக்கும். சம்பளம் குறைந்தவர்கள் குறைவாக வாங்குகிறார்கள். கடைகள் சுருங்குகின்றன, வரி குறைகிறது, உள்ளூர் வரியை நம்பி நடக்கும் பள்ளிக்குக் காசு குறைகிறது. ஒரு பிள்ளை இன்று நின்றால் இந்த வருடம் ஊருக்கு எதுவும் ஆகாது. உண்மையில் ஒரு மலிவான கூலியாள் கிடைத்த லாபம் கூட இருக்கும். நஷ்டம் பத்து, பதினைந்து வருடம் கழித்து வரும்போது, அன்று லாபம் பார்த்தவர் அங்கே இருக்க மாட்டார்.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

இதில் கசப்பான ஒன்று உண்டு. பள்ளியை முடித்தவன் ஊரைவிட்டுப் போகிறான். உள்ளூர்ப் பணத்தில் படித்தான், பலன் வேறு நகரத்துக்கு. தொழில் படுத்துப்போன ஊர்களிலிருந்து படித்தவர்கள் வெளியேறும் அளவுக்குப் படிக்காதவர்கள் வெளியேறுவதில்லை என்று அமெரிக்க ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வீடு மாறும் செலவு, புது ஊரில் தெரிந்தவர் இல்லாமை, காட்டச் சான்றிதழ் இல்லாமை எல்லாம் சேர்ந்து அவர்களைக் கட்டிப்போடுகின்றன. வேலை போன இடத்திலேயே வேலை போனவர்கள் தங்குகிறார்கள்.

அதனால்தான் பள்ளிச் செலவை உள்ளூர் நிர்வாகத்தின் தலையில் மட்டும் கட்டுவதை நான் எதிர்க்கிறேன். பலன் நாடு முழுக்கப் போகிறது என்றால் பணமும் நாடு முழுவதிலிருந்தும் வர வேண்டும்.

பிப்ரவரி 11

“அமெரிக்காவில் இடைநிற்றல் இப்போது 5 சதவீதம்தான், இதற்கா இவ்வளவு பேச்சு?” என்று ஒரு குறிப்பு வந்திருக்கிறது.

எந்த 5 சதவீதம் என்று பார்க்க வேண்டும். 16 முதல் 24 வயது வரை உள்ளவர்களில், பள்ளியிலும் இல்லாமல் சான்றிதழும் இல்லாமல் இருப்பவர்களின் பங்கு அது. 2010-ல் 8.3 சதவீதமாக இருந்து 2021-ல் 5.2-க்கு வந்தது. நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் நான்கு வருடத்தில் முடித்தவர்கள் எத்தனை பேர் என்று வேறொரு கணக்கு இருக்கிறது. 2021-22-ல் அது 87 சதவீதம். மீதி 13. ஐந்துக்கும் பதிமூன்றுக்கும் நடுவில் இருப்பவர்கள் யார்? ஐந்தாவது வருடத்தில் முடித்தவர்கள், இன்னும் பள்ளியில் இருப்பவர்கள், ஜிஇடி எழுதித் தேறியவர்கள். கடைசி வகையினருக்குச் சந்தை என்ன சம்பளம் கொடுக்கிறது என்று 8-ஆம் தேதிக் குறிப்பில் பார்த்தோம். அவர்கள் முதல் கணக்கில் இடைநின்றவர்களே இல்லை.

சராசரியும் ஏமாற்றும். ஒரே மாவட்டத்துக்குள் ஒரு பள்ளியில் கிட்டத்தட்ட எல்லோரும் முடிப்பார்கள், இன்னொன்றில் வகுப்புக்கு வகுப்பு பெஞ்சுகள் காலியாகும்.

பிப்ரவரி 12

“கட்டாயக் கல்விச் சட்டம் போட்டால் முடிந்தது” என்பவர்களுக்கு.

சட்டத்துக்குப் பலன் உண்டு. பிரிட்டன் 1947-ல் பள்ளியை விடும் வயதை 14-லிருந்து 15 ஆக உயர்த்தியது. அதற்கு முன் பாதிப் பேருக்கு 14 வயதோடு படிப்பு முடிந்துவிடும். சில ஆண்டுகளில் அப்படி நின்றவர்கள் பத்தில் ஒருவருக்கும் கீழே போனார்கள். அமெரிக்காவில் ஜோஷுவா ஆங்கிரிஸ்ட், ஆலன் க்ரூகர் 1991-ல் ஒரு நுட்பமான வழியில் இதைப் பிடித்தார்கள். வருடத் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகள் சட்டப்படி விலகும் வயதைச் சற்று முன்னதாகவே எட்டிவிடுகிறார்கள். அதனால் அவர்களின் சராசரிப் படிப்பும் பிற்காலச் சம்பளமும் கொஞ்சம் குறைவாக இருந்தன. பிறந்த மாதத்துக்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை, ஆகவே வித்தியாசம் படிப்பால் வந்தது என்றார்கள்.

ஆனால் ஜெர்மனியில் போருக்குப் பிறகு ஒன்பதாம் ஆண்டைக் கட்டாயமாக்கியபோது சம்பளத்தில் ஏற்றமே தென்படவில்லை என்று ஸ்டீவ் பிஷ்கே, டில் வான் வாக்டர் 2008-ல் எழுதினார்கள். அந்தப் பிள்ளைகள் அடிப்படை எழுத்தையும் கணக்கையும் முந்தைய வருடங்களிலேயே கற்றிருந்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் ஒரு காரணம். பெஞ்சில் உட்கார வைத்த வருடத்தில் எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

போர்ச்சுகலை யாரும் இங்கே எடுக்கவில்லை. 2002-ல் அங்கே 18-24 வயதினரில் 45 சதவீதம் பேர் மேல்நிலைக் கல்வி முடிக்காமல் படிப்பை விட்டவர்கள். 2020-ல் 8.9 சதவீதம். 2009-ல் கட்டாயக் கல்வியை 18 வயது வரை நீட்டியது ஒரு காரணம். அதற்கு முன்பே பொதுப் பள்ளிகளுக்குள் தொழிற்கல்விப் பிரிவுகளைப் பெருக்கியிருந்தார்கள். 2005-லிருந்து வயது வந்தவர்கள் திரும்பப் படிக்கவும் ஏற்பாடு செய்தார்கள், அதில் ஏராளமான பெற்றோர் சேர்ந்தார்கள். சட்டம் மட்டும் தனியாக வந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

பிப்ரவரி 15

பட்டறையை விட்ட பிறகு நான் மாலை நேரத்தில், படிப்பை விட்டுத் திரும்பி வருகிறவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உதவுகிறேன். ஏன் நின்றீர்கள் என்று நான் கேட்பதில்லை, அவர்களாகச் சொல்வார்கள். ‘ஒரு நாள் முடிவெடுத்து விட்டேன்’ என்று சொன்னவர் மிகவும் குறைவு. முதலில் ஒரு பாடம் புரியாமல் போகும். அந்தப் பாடம் இருக்கும் நாளில் உடம்பு சரியில்லை என்பார்கள். அப்புறம் தேர்வு நாளன்று வராமல் இருப்பார்கள். திரும்பிப் போனால் திட்டு விழும் என்று இன்னும் இரண்டு நாள். அதற்குள் யாரோ ஒரு வேலை சொல்லியிருப்பார்கள். வருகைப் பதிவேட்டில் இவ்வளவும் தெரியும். அந்தப் பதிவேட்டை மாதக் கடைசியில் கூட்டிப்போட மட்டும் திறந்தால் யார் கண்ணிலும் படாது.

சிகாகோ பள்ளிகளில் இதைத்தான் செய்து பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்பின் முடிவில் தேவையான பாடங்களைத் தேறி, முக்கியப் பாடங்களில் ஒன்றுக்கு மேல் தவறாமல் இருக்கும் பிள்ளை, அப்படி இல்லாத பிள்ளையைவிட மூன்றரை மடங்குக்கு மேல் பள்ளியை முடிக்க வாய்ப்புள்ளது என்று அங்கிருந்த ஆய்வாளர்கள் 2005-ல் காட்டினார்கள். பிறகு அந்த வகுப்பில் தடுமாறுகிறவர்களை வாரம் வாரம் கவனிக்க ஆரம்பித்தார்கள். முடிப்பவர்களின் விகிதம் ஏறியது.

இன்னொன்று, படித்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. டொமினிக்கன் குடியரசில் எட்டாம் வகுப்புப் பையன்களை ராபர்ட் ஜென்சன் கேட்டபோது, பள்ளியை முடித்தால் கூடக் கிடைக்கும் சம்பளத்தை அவர்கள் மிகக் குறைவாக நினைத்திருந்தார்கள். உண்மையான எண்களைச் சொன்ன பள்ளிகளில், அடுத்த நான்கு வருடத்தில் பிள்ளைகள் சராசரியாக 0.20 முதல் 0.35 வருடம் கூடுதலாகப் படித்தார்கள். மிகவும் ஏழைக் குடும்பங்களில் பலன் குறைவு. தெரிந்து என்ன செய்வது, இன்றைய கூலியை விட முடியாதே. அங்கே பணம்தான் வேண்டும். மெக்சிகோ 1997-ல் தொடங்கிய ப்ரோக்ரெஸா திட்டத்தில் பள்ளிக்கு வரும் பிள்ளையின் தாய் கையில் பணம் கொடுத்தார்கள். வகுப்பு ஏற ஏறத் தொகை கூடும், உயர்வகுப்பில் பெண்பிள்ளைக்குச் சற்று அதிகம். பிள்ளை வெளியே எவ்வளவு சம்பாதிக்கும் என்பதை மனதில் வைத்துப் போட்ட தொகை அது.

பிப்ரவரி 16

வேலை கொடுப்பவர்களுக்கு இதில் பங்கே இல்லாத மாதிரி எல்லோரும் பேசுகிறோம். பதினாறு வயதுப் பிள்ளையை முழுநேரமாக எடுத்தால் அதற்கு ஒரு கடமை உண்டு. ஷிப்டை வகுப்பு நேரத்துக்கு ஒதுக்கி வைக்கலாம். தேர்வு வாரத்தில் சம்பளத்தோடு விடுப்பு தரலாம்.

அந்த இரண்டு அடுக்குகளுக்கு மாற்றாக, பின்னாளில் எங்கள் பட்டறையில் ஒரு சிறிய சோதனை வைத்தோம். மேஜையில் ஒரு தண்டு, அளக்க ஒரு வெர்னியர், ஒரு ட்ராயிங். அளந்து எழுதுங்கள், டாலரன்ஸுக்குள், அதாவது அனுமதித்த ஏற்ற இறக்கத்துக்குள், இருக்கிறதா சொல்லுங்கள், அவ்வளவுதான். அலமாரிக்குப் போயிருக்க வேண்டிய அடுக்கிலிருந்து நல்ல ஆட்கள் வந்தார்கள். பள்ளியை முடித்த சிலர் வெர்னியரைத் தலைகீழாகப் பிடித்தார்கள்.

பிப்ரவரி 21

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். “எல்லாம் சரி, உள்ளாட்சியில் இருக்கும் எங்களுக்கு நாளைக்கே செய்ய என்ன இருக்கிறது?”

ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை வாரம் ஒரு முறை பார்க்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு அந்த ஆள் போகட்டும், திட்டுவதற்கில்லை, என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு. புதிய தொழிற்சாலைக்கு வரிச்சலுகை கொடுக்கும்போது, பதினெட்டு வயதுக்குக் கீழே எடுப்பவர்களின் படிப்பைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு சேருங்கள். பேரம் பேச உங்கள் கையில் பிடி இருப்பது அந்தக் கையெழுத்துக்கு முன்னால் மட்டும்தான். ஐந்து வருடத்துக்கு முன் நின்றவர்கள் இன்று எங்கே என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை விசாரியுங்கள். அதைக் கூட்டத்தில் வாசித்தால் நிதி கேட்பது சுலபமாகும்.

பிப்ரவரி 22

ஒரு அக்கா எழுதியிருக்கிறார்: தம்பி பதினேழு வயதில் நின்றான், இப்போது இருபத்து மூன்று, ஒரு கிடங்கில் சாமான் ஏற்றுகிறான், திரும்பப் படிக்கச் சொன்னால் சின்னப் பிள்ளைகளோடு உட்கார மாட்டேன் என்கிறான்.

உட்கார வேண்டாம். வயது வந்தவர்களுக்கான மாலை வகுப்போ திறந்தநிலைப் பள்ளியோ பாருங்கள். வேலையை விடச் சொல்லாதீர்கள். வீட்டில் பணம் நின்றால் படிப்பு ஒரு மாதம் கூடத் தாங்காது. கிடங்கில் இருப்புக் கணக்கு பார்க்கும் வேலைக்கோ ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலைக்கோ என்ன தகுதி கேட்கிறார்கள் என்று அவனையே சூப்பர்வைசரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்து வருபவர்கள்தான் எங்கள் வகுப்பில் நிற்கிறார்கள். முதல் பருவத்தில் ஒரே ஒரு பாடம் போதும், அவனுக்கு எளிதாக வரும் பாடமாக இருக்கட்டும். எந்தப் பாடத்தில் நின்றான் என்று கேட்டு எழுதுங்கள் அம்மா. கணக்கு என்றால், எங்கிருந்து தொடங்கலாம் என்று நான் அவனுக்கே எழுதுகிறேன்.